செவ்வாயில் உயிர்த் தடயம்: பாராடாங் சேற்று எரிமலைகள் தரும் குறிப்பு

அந்தமானின் பாராடாங் தீவிலுள்ள சேற்று எரிமலைகள் நெருப்புக் குழம்பைக் கக்குவதில்லை. நிலத்தடி வாயு அழுத்தத்தால் சேறும் நீரும் மீத்தேனும் வெளியேறுகின்றன. உலகின் பல சேற்று எரிமலைகளில், ஒளியும் ஆக்சிஜனும் இன்றி மீத்தேனை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் கண்டறியப்பட்டுள்ளன.

செவ்வாயின் வடபகுதியிலுள்ள அசிடாலியா சமவெளியில் காணப்படும் ஆயிரக்கணக்கான மேடுகளும் சேற்று எரிமலைகளாக இருக்கலாம் என 2010-இல் நாசா ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஆழத்துப் படிவுகளை மேலே கொணர்வதால், தொன்மையான நுண்ணுயிர்த் தடயங்களைத் தேட அவை ஏற்றவை.

கேல் பெரும்பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி மிகச் சிறிதளவு மீத்தேனைப் பதிவு செய்தது. ஐரோப்பிய விண்கலமோ சுற்றுப்பாதையிலிருந்து அதைக் காணவில்லை. பாறையும் நீரும் வினைபுரிந்தாலும் மீத்தேன் உருவாகும் என்பதால், அந்த வாயு மட்டுமே உயிருக்குச் சான்றாகாது.