மின்னஞ்சலில் தமிழ் நுழைந்த வரலாறு



தமிழில் அனுப்பிய மடல் வெறும் கேள்விக்குறிகளாகவும் விளங்காத குறிகளாகவும் போய்ச் சேர்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்கு ஒரு வரலாறு இருக்கின்றது.

முதலில் மின்னஞ்சல் செல்லும் வழியை அறிவோம். 'அனுப்புக' பொத்தானை அழுத்தியதும் மடல் பெறுநரின் கணினிக்கு நேரே செல்வதில்லை. நம் அஞ்சல் சேவையின் வழங்கிக்கே முதலில் செல்கின்றது. அதனை நம் வட்டார அஞ்சலகம் எனக் கொள்ளலாம். முகவரியில் @ குறிக்குப் பின்னுள்ள பெயரைக் கொண்டு, பெறுநரின் வழங்கி எதுவென அது கண்டறிந்து மடலை ஒப்படைக்கின்றது. @ குறிக்கு முன்னுள்ள பெயர், மடல் எவருடைய அஞ்சல் பெட்டிக்கு உரியது என்பதைக் காட்டும். அவர் திறக்கும் வரை மடல் அங்கே காத்திருக்கும்.

1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பினார். @ குறியைத் தேர்ந்தவரும் அவரே. 1982-இல் மடல்களைக் கைமாற்றுவதற்கான எஸ்.எம்.டி.பி. நெறிமுறை வகுக்கப்பட்டது. அது ஆஸ்கி எனப்படும் 128 குறிகளை மட்டுமே ஏற்றது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அவற்றுள் அடங்கின. தமிழின் 247 எழுத்துகளில் ஒன்றுக்கும் இடமில்லை! 1992-இல் மைம் நெறிமுறை வந்த பின்னரே, பிறமொழி எழுத்துகளும் படங்களும் மடலில் முறையாகச் செல்ல வழி பிறந்தது.

ஆயினும் தமிழுக்கு மற்றொரு தடை இருந்தது. எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. அனுப்புநரின் எழுத்துரு பெறுநரிடம் இல்லையெனில் மடலைப் படிக்க இயலாது. இந்நிலையை மாற்ற உழைத்தோருள் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் குறிப்பிடத்தக்கவர்கள். பொதுவான குறியீடு குறித்துக் கலந்துபேச 1997-இல் சிங்கப்பூரில் மாநாடும் கூடியது. 1991-இலேயே யுனிகோடு தரத்தில் தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே அது மெல்லப் பரவியது. அதன்பின் எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறவில்லை.

இன்று கைப்பேசியிலும் தமிழ் உண்டு. ஆயினும் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பழக்கம் நம்மிடம் தொடர்கின்றது. இத்துணை உழைப்பால் திறந்த கதவை நாமே சாத்தலாமா? இவ்வாரம் நம் பிள்ளைகள் தாத்தா பாட்டிக்குத் தமிழ் எழுத்திலேயே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். பிழையிருப்பின் திருத்திக்கொள்ளலாம், எழுதாமல் இருப்பதே பெரும்பிழை.