ஏழாம் ஆண்டும் உழவர் வாழ்வும்: ஷ்மிட்டா குறித்து யூத ரபிகள் நடத்திய விவாதம் (1888–2007)

ஆய்வுச் சுருக்கம்

இஸ்ரயேல் நாட்டு நிலத்தை ஏழாண்டுக்கு ஒருமுறை தரிசாக விட வேண்டும் என்பது தோராவின் கட்டளை. பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் ஏட்டளவில் இருந்த இக்கட்டளை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாலஸ்தீனத்தில் யூத வேளாண் குடியிருப்புகள் தோன்றியபோது உயிர்பெற்றது. நிலத்தைப் பெயரளவில் யூதரல்லாதாருக்கு விற்றுவிட்டுப் பயிர்செய்யலாமா என்ற வினாவில் ரபிகள் பிளவுபட்டனர். மரபுவாதிகளுக்கும் நவீனத்தை ஏற்றோருக்கும் இடையிலான மோதலாக இவ்விவாதத்தைக் காணும் பொதுவான பார்வை சான்றுகளுக்குப் பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: ஷ்மிட்டா, ஹலாக்கா, விற்பனை அனுமதி, புரோஸ்புல், ரபி கூக், ஹசோன் இஷ்

கட்டளையும் அதன் பழைய நெகிழ்வும்

விடுதலைப் பயணம் 23, லேவியர் 25, இணைச்சட்டம் 15 ஆகிய பகுதிகளில் ஏழாம் ஆண்டு பற்றிய விதிகள் உள்ளன. முதலிரண்டும் நிலத்தைப் பற்றியவை. விதைக்கக் கூடாது, திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யக் கூடாது, தானாக விளைந்ததை உடையவன் தனக்கென அறுவடை செய்து சேர்க்காமல் எளியவரும் விலங்குகளும் உண்ண விட வேண்டும். மூன்றாவது கடனைப் பற்றியது: ஏழாம் ஆண்டின் முடிவில் கடன்கள் தள்ளுபடியாகின்றன. ஷ்மிட்டா என்னும் எபிரேயச் சொல்லுக்குக் கைவிடுதல், நழுவவிடுதல் என்பது பொருள். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு இதனை ‘விடுதலை வருஷம்’ என்கிறது. கடனுக்கு இச்சொல் நன்கு பொருந்துகிறது. நிலத்தைப் பொறுத்தவரை ‘ஓய்வு’ என்னும் சொல்லே மூலத்துக்கு நெருக்கமானது.

கடன் தள்ளுபடியால் நேர்ந்த சிக்கலை மிஷ்னாவின் செவியித் பகுதி பதிவு செய்துள்ளது. ஏழாம் ஆண்டு நெருங்கியதும் செல்வர் கடன் கொடுக்கத் தயங்கினர். எளியவனைக் காக்க வந்த சட்டமே அவனுக்குக் கடன் கிடைக்காமல் செய்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஹில்லேல் இதற்காக ‘புரோஸ்புல்’ என்னும் பத்திர முறையை ஏற்படுத்தினார். கடன் கொடுத்தவர் தம் கடன்களை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிடுவார். தள்ளுபடி விதி தனியாள் வசூலிக்கும் கடனுக்கே உரியது என்பதால், நீதிமன்றத்தின் வழியே அக்கடனை வசூலிக்கத் தடையில்லை. யூதேயப் பாலைவனத்தின் முரப்பாத் குகைகளில் கிடைத்த, நீரோ மன்னனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கடன் பத்திரம் ஒன்று, ஏழாம் ஆண்டாயினும் கடன் திருப்பித் தரப்படும் என்ற உறுதியைக் கொண்டுள்ளது. ஏட்டில் எழுந்த சிக்கல் நடைமுறையிலும் இருந்தது என்பதற்கு இது சான்று.

தல்மூதின் கித்தின் பகுதி ஹில்லேலின் ஏற்பாட்டை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. தோரா தள்ளுபடி செய்த கடனை ஒரு ரபி எவ்வாறு மீட்டுத் தரலாம் என்று அது வினவுகிறது. பாபிலோனிய அறிஞர் சாமுவேல், தமக்கு வலிமை வாய்த்தால் இம்முறையை ஒழித்துவிடுவதாகக் கூறினார்; ரவ் நக்மான் அதனை மேலும் வலுப்படுத்துவேன் என்றார். இரு கூற்றுகளும் அழிக்கப்படாமல் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த விவாதத்தின் இரு தரப்புக்கும் முன்னோடி இங்கேயே கிடைத்துவிடுகிறது. அதே பகுதியில் இடம்பெறும் ரபி யெகூதா ஹநாசியின் கருத்தைக் கொண்டு, கோயில் அழிந்து மக்கள் சிதறிய காலத்தில் ஷ்மிட்டா தோராவின் நேரடிக் கட்டளையாக இல்லாமல் ரபிகளின் ஆணையாகவே தொடர்கிறது எனப் பிற்காலச் சட்ட அறிஞர் பலரும் முடிவு செய்தனர். ஆணையின் படிநிலை தாழ்ந்தால் இக்கட்டான வேளையில் தளர்த்துவதற்கு இடமுண்டு. பின்னர் எழுந்த வாதங்களின் அடித்தளம் இதுவே.

1888–89: கோவ்னோவும் எருசலேமும்

1880களில் உருசியப் பேரரசிலிருந்தும் உருமேனியாவிலிருந்தும் வந்த யூதர்கள் ரிஷோன் லெசியோன், சிக்ரோன் யாக்கோவ், எக்ரோன் முதலிய குடியிருப்புகளை அமைத்தனர். அவற்றுட் பல பரோன் எட்மண்ட் டி ரோத்சைல்டின் பணத்தால் நிலைத்தவை. யூத நாட்காட்டியின் 5649ஆம் ஆண்டு (1888–89) ஷ்மிட்டா ஆண்டாக அமைந்தது. ஓராண்டு உழாதிருந்தால் குடியிருப்புகள் கலைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது.

வார்சாவில் கூடிய ரபிகள் சாமுவேல் மொகிலேவர், குட்னோவின் யெகோஷுவா, வார்சாவின் சாமுவேல் சன்வில் கிளெப்ஃபிஷ் ஆகியோர், நிலத்தைக் குறித்த காலத்துக்கு யூதரல்லாதார் ஒருவருக்குக் கிரயம் செய்து பயிரிடலாம் என அனுமதித்தனர். இதுவே ‘ஹெட்டெர் மெகிரா’ எனப்படும் விற்பனை அனுமதி. பாஸ்கா விழாவின்போது புளித்த மாவுப் பொருள்களை யூதரல்லாதாருக்கு விற்று, விழா முடிந்தபின் திரும்பப் பெறும் வழக்கம் முன்பே நிலவியதால், இவ்வழி முற்றிலும் புதியதன்று. அக்காலத்தின் தலைசிறந்த சட்ட அறிஞராகக் கருதப்பட்ட கோவ்னோ ரபி யிட்சாக் எல்கானன் ஸ்பெக்டர் இதற்கு இசைந்தார். அவர் விதித்த நிபந்தனைகள் கவனத்துக்குரியவை. அனுமதி அவ்வோர் ஆண்டுக்கு மட்டுமே செல்லும். வேலையை யூதரல்லாதாரைக் கொண்டே செய்விக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க இயலாத ஏழை உழவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

எருசலேமின் ரபிகளான யெகோஷுவா லெய்ப் டிஸ்கினும் சாமுவேல் சாலன்ட்டும் இதனை மறுத்தனர். எருசலேமின் பழைய யூதச் சமூகம் ‘ஹலுக்கா’ என்னும் வெளிநாட்டு அறக்கொடையால் வாழ்ந்தது. எனவே, உழுது பிழைக்காதவர் உழவருக்குத் தடை விதித்தனர் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. பிற்கால வரலாற்றெழுத்திலும் அது தொடர்ந்தது. பொருளியல் நோக்கில் இவ்விளக்கம் கவர்ச்சியானது. ஆயினும் இரு சான்றுகள் அதற்கு ஒத்துவரவில்லை.

ஒன்று, வோலோஜின் கல்விக்கூடத்தின் தலைவர் ரபி நஃப்தலி ட்ஸ்வி யெகூதா பெர்லினின் நிலைப்பாடு. இவர் குடியேற்றத்தை ஆதரித்த ‘சீயோன் அன்பர்’ இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். ஹலுக்காவைச் சார்ந்து வாழ்ந்தவர் அல்லர். குடியிருப்புகள் தழைக்க வேண்டுமென விரும்பிய அவரே விற்பனை அனுமதியைக் கடுமையாக எதிர்த்தார். நிலத்துக்கு ஓய்வளிக்கத் தவறியமையே நாடு கடத்தப்பட்டதற்குக் காரணம் என லேவியர் 26 கூறுவது அவருக்கு வெறும் பழங்கதையாக இருக்கவில்லை. மீண்டும் குடியேறும் மக்கள் அதே பிழையுடன் தொடங்கலாமா என்பது அவர்தம் கவலை.

மற்றொன்று எக்ரோன். அதன் உழவர்கள் மொகிலேவரின் முயற்சியால், ரோத்சைல்டின் பொருளுதவியுடன் குடியேற்றப்பட்டவர்கள். அனுமதி வழங்கியவரும் அதே மொகிலேவர்தாம். எனினும் அவ்வுழவர்களுட் பலர் எருசலேம் ரபிகளின் சொல்லையே ஏற்று ஏர் பூட்ட மறுத்தனர். பரோனின் அலுவலர்கள் அவர்களை நெருக்கினர். இங்கே இழப்பை ஏற்றவர்கள் உழவர்களே. சலுகையை வலியுறுத்தியது நிருவாகம். உழவரின் பசிக்காகச் சட்டம் தளர்ந்தது என்று மட்டும் எழுதும்போது, அந்தச் சலுகையை வேண்டாமென்ற உழவர்கள் வரலாற்றிலிருந்து மறைந்துபோகின்றனர்.

கூக்கும் வில்லோவ்ஸ்கியும்

1904இல் யாஃபாவின் ரபியாகப் பொறுப்பேற்ற ஆபிரகாம் ஐசக் கூக், 1909–10 ஷ்மிட்டாவில் விற்பனை அனுமதியின் முதன்மை ஆதரவாளரானார். அப்போது திராட்சையும் ஆரஞ்சும் ஏற்றுமதிப் பயிர்கள். ஓராண்டு சந்தையை இழந்தால் வாங்குவோரை மீண்டும் பெறுவது அரிது.

1910இல் வெளிவந்த அவருடைய ‘சப்பாத் ஹாஆரெட்ஸ்’ (நிலத்தின் ஓய்வு) என்னும் நூல் அனுமதிக்கான சட்ட வாதங்களை விரிவாகத் தொகுத்தது. ஷ்மிட்டா இன்று ரபிகளின் ஆணை மட்டுமே. ஏழாண்டுக் கணக்கிலேயே பழைய அறிஞரிடையே ஐயமுண்டு. யூதரல்லாதார் நிலத்துக்கு இவ்விதி செல்லுமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. தனித்தனியே போதாத ஐயங்கள் ஒன்றுசேரும்போது அனுமதிக்கு வலுவான ஆதாரமாகின்றன என்பது ஹலாக்காவில் ஏற்கப்பட்ட முறை. நாட்டின் நிலத்தை அயலாருக்கு விற்கக் கூடாதென இணைச்சட்டம் 7ஐக் கொண்டு தல்மூத் வகுத்த தடைக்கும் அவர் விடை கூறினார்: முஸ்லிம்கள் சிலை வழிபடுவோர் அல்லர், விற்பனை தற்காலிகமானது, அதன் நோக்கமே யூதக் குடியேற்றத்தை நிலைநிறுத்துவது.

இந்நூலின் முன்னுரை இவ்வாதங்களினும் வியப்பூட்டுவது. தனிமனிதனுக்குச் சப்பாத் எதுவோ, நாட்டுக்கு ஷ்மிட்டா அதுவே என அங்கே கூக் எழுதினார். உடைமைப் போட்டி ஓராண்டு அடங்கி, மக்களின் உள்ளியல்பு வெளிப்படும் காலமாக அதனைக் கண்டார். நவீன காலத்தில் ஷ்மிட்டாவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக உயர்வான பக்கங்கள், அதனைச் சுற்றிக் கடக்க வழிகாட்டும் நூலின் தொடக்கத்தில் உள்ளன. இதனைச் சிலர் முரண்பாடு என்பர். கூக்கின் நோக்கில் முழுமையான ஷ்மிட்டா என்பது வருங்கால இலக்கு, அவ்விலக்கை அடையும்வரை சமூகம் பிழைத்திருக்க வேண்டும், அதற்கே அனுமதி. அனுமதியை நாடாமல் கட்டளையைக் காக்க வல்லவர்கள் போற்றுதற்குரியவர்கள் என்றே அவர் கருதினார்.

சபேத்தில் வாழ்ந்த ரபி யாக்கோவ் டேவிட் வில்லோவ்ஸ்கி அவரது முதன்மை எதிர்ப்பாளர். எருசலேம் தல்மூதுக்கு உரை வகுத்த இவர், சிகாகோவிலும் பணியாற்றியவர். நவீன நகர வாழ்வை அறியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. விற்பவனும் வாங்குபவனும் கைமாற்றமாகக் கருதாத ஒன்று எப்படி விற்பனையாகும் என்பது எதிர்த்தரப்பின் அடிப்படை வினா. உதுமானியப் பதிவேட்டில் ஏறாத கிரயம் செல்லுமா என்ற ஐயமும் உடன் எழுந்தது. தற்காலிகச் சலுகை நிலைத்துவிட்டால் கட்டளையே மறக்கப்படும் என்றும் அவர்கள் அஞ்சினர். கடைசி அச்சத்தைப் பின்வந்த ஆண்டுகள் பொய்யாக்கவில்லை. ஓராண்டுக்கெனத் தரப்பட்ட அனுமதி ஒவ்வோர் ஏழாண்டும் புதுப்பிக்கப்பட்டு, இஸ்ரயேல் தலைமை ரபித்துவத்தின் வழக்கமான ஏற்பாடாயிற்று.

மறுப்போரின் புதுமை

1933இல் பாலஸ்தீனம் வந்து பினே பிராக்கில் தங்கிய ரபி அவ்ராஹாம் யெஷாயா காரெலிட்ஸ், ‘ஹசோன் இஷ்’ என்னும் தம் நூற்பெயராலேயே அறியப்படுபவர். தடைசெய்யப்பட்ட செயலுக்கு முகவரை அமர்த்த முடியாது. எனவே நிலத்தை விற்க ரபிகளுக்கு உழவர் தரும் அதிகாரப் பத்திரம் செல்லாது என்று அவர் வாதிட்டார். விற்பனை அனுமதிக்கு எதிரான மிகக் கூரிய சட்ட வாதம் இதுவே எனலாம்.

அவர் மறுப்பதோடு நிற்கவில்லை. எந்த வேளாண் பணி பயிரை வளர்க்கிறது, எது அழியாமல் காக்க மட்டும் உதவுகிறது என ஆராய்ந்து, இரண்டாம் வகைக்கு இடமளித்தார். தொசெப்தாவில் குறிக்கப்படும் ‘நீதிமன்றக் களஞ்சியம்’ என்னும் பழைய முறையும் அவரது வழிகாட்டலில் செயல்வடிவம் பெற்றது. தோட்டம் ரபி நீதிமன்றத்தின் பொறுப்பில் வரும். உழவர் அதன் பணியாளராகிக் கூலி பெறுவார். நுகர்வோர் தருவது அறுவடைக்கும் போக்குவரத்துக்குமான செலவு மட்டுமே, விளைபொருளுக்கு விலையில்லை. அவர் வழி நின்றோருள் ஹஃபெட்ஸ் ஹயிம் கிப்புட்ஸ் மண்ணில்லா நீர்வழிப் பயிர்முறையை மேற்கொண்டது. நிலத்தோடு தொடர்பற்ற செடிக்கு நிலத்தின் ஓய்வு விதி செல்லாது என்பது அதன் ஆதாரம். புதிய தொழில்நுட்பத்தை இங்கே தேடிச் சென்றவர்கள் விற்பனை அனுமதியை மறுத்த கடும்போக்கினர் என்பது குறிக்கத்தக்கது.

நிலத்துக்கு அப்பால் இவ்விதி செல்லாமையால் அமெரிக்க ரபிகளின் நிலை வேறு. ஆர்தர் வாஸ்கோ போன்றோர் ஷ்மிட்டாவைச் சூழலியல் அறமாகவும் செல்வப் பங்கீட்டின் நெறியாகவும் விளக்கினர். சிந்தனை வளமுள்ள விளக்கங்கள் இவை. ஆனால் விளக்குவோர் எவரும் ஓராண்டு வருவாயை இழக்க வேண்டியதில்லை. எக்ரோனிலும் யாஃபாவிலும் விவாதத்துக்கு இருந்த அழுத்தம் இதனால் இங்கே குறைகிறது.

2007: நீதிமன்றத்தின் முன்

2007–08 ஷ்மிட்டாவின்போது தலைமை ரபித்துவம், விற்பனை அனுமதியை ஏற்பதா மறுப்பதா என்பதை அந்தந்த ஊர் ரபிகளின் முடிவுக்கு விட்டது. சில நகரங்களில் ரபிகள், அனுமதியின்கீழ் விளைந்த காய்கனிகளை விற்போருக்குக் கோஷெர் சான்றிதழ் தர மறுத்தனர். சான்றிதழ் இல்லையேல் கடைகளும் உணவகங்களும் வாங்கா. உழவர் விளைவித்தும் பயனில்லை. ட்சொகார் என்னும் ரபிகள் அமைப்பு மாற்றுச் சான்றிதழ் தர முன்வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஊர் ரபி மறுக்கும் இடங்களில் அனுமதியை ஏற்கும் வேறு ரபிகளைக் கொண்டு தலைமை ரபித்துவம் சான்றிதழ் வழங்க வேண்டுமென 2007 அக்டோபரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதச்சார்பற்ற நீதிமன்றம் இங்கே ஹலாக்கா வினாவுக்கு விடை கூறவில்லை. இரு தரப்பும் ஹலாக்காவுக்கு உட்பட்டவையே என ஏற்று, பொது அலுவலகம் ஒன்றை மட்டும் சுமத்துவதால் உழவருக்கும் வணிகருக்கும் நேரும் இழப்பையே எடைபோட்டது. அனுமதியை மறுத்த ரபிகளின் பின்பற்றாளர், யூதரல்லாதார் நிலத்தின் விளைச்சலையும் இறக்குமதியையும் நாடினர். அரபு உழவரிடமிருந்து வாங்குவதா, யூத உழவரின் நிலத்தை அரபியர் பெயருக்கு மாற்றி வாங்குவதா என்ற தெரிவில் அரசியலும் கலந்தது. கிரயப் பத்திரத்தில் வாங்குபவராகப் பெயர் தந்த யூதரல்லாதார் இவ்வேற்பாட்டை எவ்வாறு கண்டனர் என்பதற்கு ரபிகளின் வினாவிடைத் தொகுதிகளில் இடமில்லை. அங்கே அவர் ஒரு சட்ட நிலை மட்டுமே.

2014–15லும் 2021–22லும் நிலம் மீண்டும் விற்கப்பட்டது. 1990கள் முதல் இஸ்ரயேலின் வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிவேலையில் பெரும்பங்கை ஏற்றிருப்பவர்கள் தாய்லாந்துத் தொழிலாளர்கள். வேலையை யூதரல்லாதாரே செய்ய வேண்டுமென 1889இல் ஸ்பெக்டர் விதித்த நிபந்தனை, இன்று ஷ்மிட்டா அல்லாத ஆண்டுகளிலும் எவரும் கோராமலே பேரளவில் நிறைவேறிவருகிறது.