செயற்கை விரைநீர்த் தடம்

கயாக், கனோ ஆகிய துடுப்புப் படகுகளை ஓட்டிப் பழகவும் போட்டி நடத்தவும் மனிதர் வெட்டிய வாய்க்கால்தான் செயற்கை விரைநீர்த் தடம். காங்கிரீட் கரை, கணக்குப் பார்த்து வைத்த தடுப்புகள், தலைப்பிலிருந்து கடைசிவரை சில மீட்டர் இறக்கம் ஆகியவை இதன் உறுப்புகள். மலையாற்றின் வேகத்தைச் சமவெளியில், வேண்டிய நாளில், வேண்டிய அளவில் உண்டாக்குவது இதன் வேலை.

காவிரிப் பாசனப் பகுதியில் வளர்ந்தவருக்கு இது நடக்கும் விதம் புதிதல்ல. ரெகுலேட்டரில் ஷட்டரைத் தூக்கியதும் அடியில் பீறிடும் தண்ணீர் சற்றுத் தள்ளி எகிறி நுரைக்கும். மேல்நீரில் ஒரு பகுதி திரும்பி மதகை நோக்கியே வரும். அதில் சிக்கியவரை நீர் விடாமல் உருட்டும். கல்லணையிலும் முக்கொம்பிலும் மதகுக்குக் கீழே குளிப்பது உயிருக்கு ஆபத்து என்பது இதனால்தான். தடம் கட்டும் பொறியாளர் அதே நீரைப் பழக்கிக்கொள்கிறார். நுரை எழ வேண்டும், ஆனால் ஆளை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. அதற்காகத் தடுப்புகளுக்கு இடையே நீர் வெளியேற வழி விடுகிறார். தடுப்பின் பின்பக்கத்தில் எதிர்த்திசையில் ஓடும் நீர்தான் வீரர் படகைத் திருப்பிக்கொள்ளும் இடம்.

விளையாட்டின் பெயர் ஸ்லாலம். பனிச்சறுக்கிலிருந்து வந்தது, 1930-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் முளைத்து, 1949-இல் ஜெனீவாவில் முதல் உலகப் போட்டியைக் கண்டது. நீருக்கு மேலே கம்புகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். பச்சைக் கம்புகளுக்கு இடையே நீரோட்டத்தோடு நுழைய வேண்டும், சிவப்புக் கம்புகளுக்கு இடையே நீரோட்டத்தை எதிர்த்து. கம்பில் உடலோ துடுப்போ பட்டால் 2 விநாடி அபராதம். ஒரு வாயிலை விட்டுவிட்டால் 50 விநாடி, அதோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

தடத்தின் வரலாறு உண்மையில் ஒரு பொதுப்பணியிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லெக் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பும் ஹோக்அப்லாஸ் அணை இருக்கிறது. அங்கிருந்த குடிநீர் நிலையத்தின் இயந்திரங்களில் குளிர்காலப் பனிக்கட்டி வந்து மோதாமல் ஒதுக்கிவிட ஒரு வாய்க்கால் இருந்தது. பெயரே ஐஸ்கனால், பனிக்கட்டி வாய்க்கால். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் முதன்முறை சேர்க்கப்பட்டபோது அதையே காங்கிரீட் தடமாக மாற்றினார்கள். போட்டிக்கு முன்பே கிழக்கு ஜெர்மனியர் வந்து பார்த்து, திரும்பிப் போய்ச் சுவிக்காவ் அருகே அதே மாதிரி ஒரு தடத்தைக் கட்டிப் பயிற்சி எடுத்தனர். நான்கு தங்கங்களும் அவர்களுக்கே போயின. மேற்கு ஜெர்மனி செலவழித்துக் கட்டியது. எதிர்வீட்டுக்காரர் பதக்கம் அள்ளிக்கொண்டார். ஆக்ஸ்பர்க்கின் பழைய நீர் மேலாண்மை அமைப்பு 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது இந்தத் தடமும் அதில் இடம்பெற்றது. 2022 உலகப் போட்டியும் இங்கேதான் நடந்தது.

அதன்பின் ஒலிம்பிக்கில் ஸ்லாலத்துக்கு இருபது ஆண்டு இடைவெளி. 1992-இல் ஸ்பெயினின் லா செவு துர்ஜெல் ஊரில் அது மீண்டது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமெரிக்காவின் ஒகோயி ஆற்றில் நடந்த வேலை கவனிக்கத்தக்கது. மின்சாரத்துக்காகத் தண்ணீர் முழுவதையும் வேறு வழியில் திருப்பிவிட்டதால் ஆற்றுப் படுகை வறண்டு கிடந்தது. பாறைகளை அடுக்கிப் படுகையைக் குறுக்கி, போட்டிக்காகத் தண்ணீர் விட்டார்கள். படகுக்கு விடும் தண்ணீர் மின்நிலையத்துக்கு இழப்பு. யார் ஈடு செய்வது என்ற வழக்கு அந்த ஆற்றில் அதற்கு முன்பே உண்டு. கடைமடைக்காரருக்கு அந்தச் சண்டை நன்றாகப் புரியும்.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்குக் கட்டிய பென்ரித் தடம் ஆற்றோடு இருந்த உறவை அறுத்தது. கீழே தேங்கும் தண்ணீரையே ராட்சத மோட்டார்கள் மேலே ஏற்றுகின்றன. வீரரும் படகும் கன்வேயர் பெல்ட்டில் தலைப்புக்குத் திரும்புகிறார்கள். அங்கே ஓடுவது விநாடிக்கு 14 கனமீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 500 கனஅடி. ஒரு நடுத்தர வாய்க்காலுக்குத் திறந்துவிடும் அளவு! லண்டன் லீ வேலி தடமும் இதே வகை: 300 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் இறக்கம். ஏதென்ஸ் 2004-இல் கடல்நீரையே ஏற்றி ஓட்டியது. ஒலிம்பிக் முடிந்ததும் அந்தத் தடம் கைவிடப்பட்டது. மின்கட்டணத்தைத் தாங்க ஆள் கூட்டம் வேண்டும், அதனால் இன்று பல தடங்கள் பொதுமக்களை ரப்பர் படகில் ஏற்றிச் சம்பாதிக்கின்றன.

நெல் விளையும் பூமிக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள நெருக்கத்துக்கு உதாரணம் இந்தோனேசியாவில் இருக்கிறது. 2018 ஆசியப் போட்டிகளின் ஸ்லாலம் மேற்கு ஜாவாவின் ரெண்டாங் அணையில் நடந்தது. சிமானுக் ஆற்றைத் தடுத்து வயல்களுக்குத் திருப்பும் பாசன அணை அது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் இங்கே, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், மேட்டூர் உபரிநீர் கொள்ளிடத்தில் பெருகிப் போனபோது ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன.

ரெண்டாங் மாதிரி கல்லணையிலோ அணைக்கரையிலோ செய்ய முடியுமா என்றால், கட்டடக் கலைக்குக் குறைவில்லை, இறக்கம்தான் குறைவு. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரத்தை ஒட்டியிருக்கிறது. கடலோர நாகப்பட்டினம் அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி. லீ வேலியில் 300 மீட்டரில் கிடைக்கும் இறக்கத்துக்கு இங்கே ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். மதகடியில் மட்டும்தான் சட்டென்று ஒரு வீழ்ச்சி. அந்தத் தண்ணீரும் வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை மேட்டூரிலிருந்து வருவது. ஒவ்வொரு கனஅடிக்கும் குறுவையிலோ சம்பாவிலோ உரிமைக்காரர் உண்டு.

இந்திய ஸ்லாலம் இன்னும் இயற்கை ஆறுகளையே நம்பி நிற்கிறது. 2023 பிப்ரவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் ஸ்லாலம் மத்தியப் பிரதேசத்தின் மகேஷ்வரில், நர்மதை பாறைகளுக்கிடையே பல கிளையாகப் பிரியும் சஹஸ்ரதாராவில் நடந்தது. தமிழகத்துக்குப் பக்கத்தில் என்றால் கோழிக்கோடு மாவட்டத்தின் கோடஞ்சேரி. அங்கே சாலிப்புழையிலும் இருவழிஞ்சிப்புழையிலும் நடக்கும் மலபார் நதித் திருவிழாவுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் தண்ணீர் தருகிறது.