பிக்கப்பில் வீல் பேரிங் அடிக்கடி போகிறதா? மாற்றும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி, சேலம் பக்கத்து ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் என்று தர்மபுரி மாவட்ட விவசாயிகளின் விளைச்சலைச் சுமப்பதில் பிக்கப் வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வண்டியில் ஒரே சக்கரத்தின் பேரிங் சில மாதங்களுக்கு ஒருமுறை போனால், "கம்பெனி சரியில்லை" என்று வேறு பேரிங் வாங்கிப் போடுகிறோம். அதுவும் போய்விடுகிறது.

முறையாகப் பொருத்தி, அளவாக லோடு ஏற்றினால் நல்ல பேரிங் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும். ஒரே இடத்தில் இரண்டாவது முறையும் போனால், கோளாறு பெரும்பாலும் பேரிங்கைச் சுற்றித்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பேரிங் மாற்றினாலும் பணம்தான் வீண். முற்றிலும் தேய்ந்த பேரிங்கோடு ஓட்டினால் சக்கரம் இறுகி நின்றுவிடலாம், கழன்றும் ஓடலாம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லோடோடு அப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து.

பேரிங்தானா என்று உறுதி செய்யுங்கள்

வேகம் கூடக் கூட "ஊ..." என்ற இரைச்சல் கூடுவது முதல் அறிகுறி. வலப்பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் இடப்பக்கச் சக்கரத்தையும், இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கச் சக்கரத்தையும் முதலில் பாருங்கள். சாலைக்குச் சாலை சத்தம் மாறினால் அது டயர் சத்தமாக இருக்கலாம்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். முன்சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங் கோளாறு. நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின்னைப் பார்க்க வேண்டும்.

பழைய பேரிங்கைத் தூக்கி எறியாதீர்கள்

காரணம் அதிலேயே எழுதியிருக்கும். மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, துடைத்துப் பாருங்கள்.

• நீலம் அல்லது பழுப்பு நிறம்: அதிகச் சூடு. நட்டை அதிகமாக இறுக்கியிருக்கலாம், கிரீஸ் போதாமல் இருக்கலாம், பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கலாம்.
• துரு, பால் போல் வெளுத்த கிரீஸ்: தண்ணீர் புகுந்துள்ளது. சீல் சரியில்லை.
• சம இடைவெளியில் பள்ளங்கள்: சுத்தியால் அடித்துப் பொருத்தியது அல்லது பள்ளத்தில் பலமாக மோதியது.
• கப்பின் வெளிப்புறம் தேய்ந்து பளபளப்பது: ஹப்புக்குள் கப் சுற்றியுள்ளது. ஹப் தேய்ந்துவிட்டது. பஞ்ச் அடித்தோ தகடு வைத்தோ இறுக்குவது சில நாள்தான் நிற்கும். ஹப்பையே மாற்றுவதுதான் சரி.
• தேய்மானம் ஒரே பக்கத்தில்: ஆக்சில் வளைந்திருக்கலாம், அல்லது கப் கோணலாக உட்கார்ந்திருக்கலாம்.

லோடு எவ்வளவு குறைக்கிறது?

சுமை கூடும் அளவைவிட வேகமாகப் பேரிங்கின் ஆயுள் குறையும். 25 சதவீதம் அதிகச் சுமைக்கு ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. 50 சதவீதம் அதிகமானால் ஏறத்தாழ கால்வாசிதான் மிச்சம். ஒரு தக்காளிப் பெட்டி 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 கிலோ தாங்கும் வண்டிக்கு 60 பெட்டி. அதில் 75 பெட்டி ஏற்றினால் அதுவே 25 சதவீதம் அதிகம்.

கூடுதல் பட்டை போட்டால் ஸ்பிரிங்தான் பலமாகும், பேரிங் பலமாகாது. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய அளவு. ஆட்களின் எடையும் அதில் அடங்கும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

கவனிக்கத் தவறும் மற்ற காரணங்கள்

தண்ணீர்: ஓடிச் சூடான ஹப் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டெனக் குளிர்ந்து, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஓடை கடக்கும் முன் சற்று நிறுத்தி ஆறவிடுங்கள். வண்டி கழுவும்போது பிரஷர் பம்பைச் சீல் மீது நேராகப் பிடிக்காதீர்கள்.

பிரேக் சூடு: நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்து வந்தால் சூடு ஹப்புக்கு ஏறி, கிரீஸ் உருகும். கியரைக் குறைத்து இறங்குங்கள். ஒரு பக்க ஹப் மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பிரேக் விடாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

பின்சக்கரம்: பின் ஆக்சிலின் மேலுள்ள காற்றுத்துளை சேற்றால் அடைத்தால், உள்ளே அழுத்தம் கூடி, கிரவுன் ஆயில் சீலைத் தாண்டிக் கசியும். சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்றால் முதலில் அந்தத் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

அகல டயர், ஸ்பேசர்: சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பேரிங் மீது நெம்பு விசை கூடும். கம்பெனி அளவிலேயே வையுங்கள்.

வெல்டிங்: கூண்டு அடிக்கும்போது எர்த் கிளிப்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளைக் கெடுக்கும்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

1. கப்பையும் கோனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுக் கோன் நிற்காது.
2. ஹப்பை மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும்.
3. வீல் பேரிங்குக்கான கிரீஸை உருளைகளுக்கு இடையில் நன்றாக அழுத்தித் திணிக்க வேண்டும். வேறு கிரீஸோடு கலக்கக் கூடாது. ஹப் முழுவதையும் நிரப்பவும் கூடாது; சூடு அதிகமாகும்.
4. ஒவ்வொரு முறையும் புது ஆயில் சீல், புது காட்டர் பின் போட வேண்டும்.
5. கோன் வகைப் பேரிங்கில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்கிப் பூட்ட வேண்டும். "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்பதுதான் பேரிங்கை எரிக்கிறது.
6. சீல் செய்து வரும் ஹப் பேரிங்குக்கு கிரீஸ் வைக்க முடியாது. அதன் நட்டை டார்க் ரெஞ்ச் கொண்டு, வண்டிக்குரிய அளவில் இறுக்க வேண்டும்.

மாற்றிய பிறகு முதல் லோடு இறக்கியதும், சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். இரண்டு பக்க ஹப்பின் சூட்டையும் கையை அருகில் வைத்து ஒப்பிடுங்கள், உடனே தொடாதீர்கள். மாற்றிய தேதி, கிலோமீட்டர், பழைய பேரிங்கில் கண்ட அடையாளம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மெக்கானிக்குக் காரணம் கண்டுபிடிக்க அது உதவும்.

உரசும் சத்தம், சக்கர ஆட்டம், ஹப்பிலிருந்து புகை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் லோடை வேறு வண்டிக்கு மாற்றுங்கள். மண்டி நேரம் தவறினால் ஒரு நாள் விலைதான் போகும்.