அண்ணத்தை விரித்தால் மூச்சு சீராகுமா?

நாக்கின் நுனியால் வாயின் மேற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அதுதான் மேலண்ணம். கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்குத் தரையாக இருப்பது போல, இதே எலும்புதான் மூக்கின் உட்பகுதிக்குத் தரை. அண்ணம் குறுகியிருந்தால் மூச்சு போகும் பாதையும் குறுகலாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

1860ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர், பற்களுக்கு இடம் போதாத 14 வயதுச் சிறுமிக்கு மேலண்ணத்தின் குறுக்கே ஒரு திருகாணிக் கருவியைப் பொருத்தினார். அதை முறுக்கும் சாவியைச் சிறுமியிடமே கொடுத்தார். இரண்டே வாரத்தில் முன்பற்களின் நடுவே இடைவெளி தெரிந்தது. மேல்தாடை எலும்பு நடுவில் பிரிந்துவிட்டது என்று 'டென்டல் காஸ்மோஸ்' இதழில் எழுதினார். எலும்பாவது பிரிவதாவது என்று அந்த இதழின் ஆசிரியர் தரப்பிலேயே சந்தேகம் எழுந்தது. பாவம், படமெடுத்துக் காட்டவும் வழியில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான்!

ஆனால் ஏஞ்சல் சொன்னது சரி. சிறுவயதில் அண்ணத்தின் இரு பாதிகளும் நடுவில் ஒரு கோட்டில்தான் சேர்ந்திருக்கின்றன. திருகாணி அவற்றை விலக்குகிறது. இடைவெளியில் புது எலும்பு வளர்ந்து நிரம்புகிறது. வயது ஏற ஏற அந்த இணைப்பு இறுகிவிடும். அதனால்தான் இது பெரும்பாலும் சிறுவர்களுக்கான சிகிச்சை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த முறை மங்கிப் போனது. அதை மீண்டும் நிலைநிறுத்தியவர் ஆண்ட்ரூ ஹாஸ். பன்றிகளிடம் சோதித்து, பிறகு நோயாளிகளிடமும் செய்து, 1961இல் கட்டுரை வெளியிட்டார். பல்வரிசையோடு மூக்கின் உள்ளறையும் அகலமாகிறது என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது.

2004இல் இத்தாலியின் பாவ்லா பிரெல்லியும் அமெரிக்காவின் கிறிஸ்டியன் கில்லெமினோவும் உறக்கத்தில் மூச்சு தடைபடும் 31 குழந்தைகளின் முடிவுகளை வெளியிட்டனர். மணிக்குச் சராசரியாக 12 முறை நேர்ந்த தடை, அண்ணம் விரிந்தபின் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

அப்படியானால் குறட்டை விடும் எல்லாக் குழந்தைக்கும் திருகாணியா? இல்லை. அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழந்தைகள் குழு இல்லை. டான்சில், அடினாய்டு வீக்கம் உள்ளவர்களும் சேர்க்கப்படவில்லை. குழந்தைகளுக்கு மூச்சு அடைபட மிகப் பொதுவான காரணமே அந்த வீக்கம்தான். அங்கே அண்ணத்தை மட்டும் விரித்தால் போதாது. அண்ணம் உண்மையிலேயே குறுகிய குழந்தைக்குப் பல்வரிசை சீராகும். கூடவே மூச்சும் சற்று எளிதாகலாம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது, எலும்பு இறுகும்வரை காத்திருந்தால் அறுவை சிகிச்சை வரை போக நேரிடும்.