காசநோய்க் கணக்கில் விடுபட்ட பருப்பு

கரியாலூர், வெள்ளிமலை பக்கம் சளிப் பரிசோதனைக்கு ஆள் கூப்பிட வீடு வீடாகப் போகிறவர்கள் நாங்கள். போகும் இடமெல்லாம் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: "உடம்புல தெம்பு இருந்தா அது ஏறாதுங்க." இதை அறியாமை என்று ஒதுக்கத்தான் படித்தவர்கள் பழகியிருக்கிறார்கள். கிருமி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, இதில் தெம்பு எங்கே வந்தது என்பார்கள். அந்தத் தெம்புக்கு அறிவியலிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அதில் முக்கியமான பகுதி நம் சென்னையில்தான் நடந்தது.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியின் மெசினாவில் இலியா மெட்ச்னிகாஃப் நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் நகரும் அணுக்கள் முள்ளைச் சுற்றி வளைத்திருந்தன. உள்ளே வரும் அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் உடம்பிலேயே உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார். நோய் கிருமியால் வருகிறது என்பது ஒரு பாதி. அதை உடம்பு எப்படித் தடுத்து நிறுத்துகிறது என்பது மறுபாதி. முதல் பாதிதான் உலகத்துக்குப் பிடித்துப்போனது.

மறுபாதி இப்போது ஓரளவு தெளிவாகவே தெரியும். நுரையீரலுக்குள் போகும் கிருமியை விழுங்கணு விழுங்கிவிடுகிறது. ஆனால் காசநோய்க் கிருமி சாமர்த்தியமானது, விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். டி அணுக்கள் வந்து காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்தால்தான் விழுங்கணுவுக்குக் கிருமியைக் கொல்லும் வேகம் வருகிறது. டிஎன்எஃப் என்ற இன்னொரு புரதம், கிருமியைச் சுற்றி அணுக்கள் எழுப்பும் சுவர் இடியாமல் பார்த்துக்கொள்கிறது. கிருமி புகுந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வாழ்நாள் முழுக்க நோயாளி ஆகாமலே இருப்பது இந்தக் காவலால்தான். எச்ஐவி, சர்க்கரை நோய், முதுமை எல்லாம் அந்தச் சுவரை இடிக்கும். நம் ஊரில் அதிகம் இடிப்பது பசி. டி அணுக்கள் முதிர்வது நெஞ்சுக்கூட்டுக்குள் உள்ள தைமஸ் சுரப்பியில். பட்டினி கிடக்கும் குழந்தைக்கு அந்தச் சுரப்பியே சுருங்கிவிடுகிறது.

இது இவ்வளவு தெரியாத காலத்தில் வெள்ளைக்கார மருத்துவர்கள் வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். லைல் கமின்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் உள்ளிட்டோர், பழங்குடிகளும் ஆப்பிரிக்கர்களும் இந்தக் கிருமிக்குப் பழக்கப்படாத 'கன்னி நிலம்', அவர்கள் உடம்பில் பரம்பரை எதிர்ப்பு இல்லை என்று எழுதினார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளிகள் செத்ததற்கு இது வசதியான காரணம். ரத்தத்தின் மேல் பழி போட்டுவிட்டால் கூலியையும் கொட்டடியையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பிறப்பில் குறை சொல்லும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல.

பிறகு சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் இருநூறுக்கும் குறைவானவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் நெரிசல், அரைவயிறு, வேலை. 1959இல் வந்த முடிவு உலகையே திருப்பிப் போட்டது: இரண்டு பக்கமும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான், வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை.

இந்த ஆய்வு ஏழைக்குச் செய்த நன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. படுக்கை கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வீட்டிலேயே மருந்து வந்தது. 1962இல் தேசியத் திட்டம் இதன்மேல்தான் எழுந்தது. கூடவே ஒரு பிசகும் நுழைந்தது. "மருந்து இருந்தால் சாப்பாடு இரண்டாம்பட்சம்" என்று அந்த முடிவைப் படித்தார்கள். ஆய்வு கேட்ட கேள்வியோ, நோய் வந்தவரை மருந்து குணமாக்குமா என்பதுதான். அங்கே மருந்தே கிருமியைக் கொல்கிறது. கிருமி புகுந்தும் இன்னும் நோய் வராத மனைவிக்கும் பிள்ளைக்கும் அந்த மருந்து போகவில்லை. அவர்களுக்குள் காவல் நின்றது அவர்களுடைய டி அணுவும் விழுங்கணுவும்தான். அவற்றுக்கு என்ன போட்டோம்?

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்க அறுபது ஆண்டு பிடித்தது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் அனுராக் பார்கவா, மாதுரி பார்கவா குழு 2,800 நோயாளிகளின் 10,345 குடும்பத்தினரைத் தொடர்ந்தது. ஐந்தில் நான்கு நோயாளிகள் எடை குறைந்தவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் உணவு கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் 'லான்செட்'டில் முடிவு வந்தது: உணவு பெற்ற வீட்டாரிடையே காசநோய் 39 சதவீதம் குறைவு, சளியில் கிருமி உறுதியான நோய் 48 சதவீதம் குறைவு. தடுப்பூசி அல்ல, அரிசியும் பருப்பும். இந்த ஆய்வில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று, பழைய சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகள் 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தார்கள். பின்னர் சாமையும் தினையும் விளைந்த காடுகளில் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளி ஏறியது. மரவள்ளியில் மாவு உண்டு, புரதம் சொற்பம். கூலிக்கு வெளியூர் போய் நெரிசலான கொட்டகையில் தங்கித் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் இருமல் இந்த வீடுகளுக்குள்தான் நுழைகிறது.

நோயாளிக்கு அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ஆக்கியது. அதே பானையில் சாப்பிடும் வீட்டாருக்கு அந்தக் கணக்கில் எதுவும் இல்லை. ஜார்க்கண்ட் அளவில் பார்த்தால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 6 கிலோ பருப்பு வர வேண்டும். நம் ரேஷன் கடையில் கிடைப்பது அட்டைக்கு 1 கிலோ, விலை 30 ரூபாய். அதுவும் கடையில் இருப்பு இருக்கிற மாதத்தில்.