பழம்படகின் விலை

மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடல் இருந்ததில்லை. 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டது. அப்போது தஞ்சையைச் சேர்ந்த அறந்தாங்கிப் பகுதியோடு கடலும் வந்து சேர்ந்தது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடற்கரை இம்மாவட்டத்தின் உடைமையாயிற்று. அதே ஆண்டு சூன் திங்களில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு வகுத்தன. மாவட்டத்திற்குக் கடல் கிடைத்த ஆண்டிலேயே அக்கடலின் நடுவே ஒரு கோடும் விழுந்தது. இக்கரையில் கட்டி வைத்திருக்கும் பழம்படகு ஒன்றின் மதிப்பு என்ன என்று கேட்போர் அந்தக் கோட்டையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

படகைக் கை மாற்றுவது கடற்கரையில் அன்றாட வழக்கம். புதுப்படகு கட்ட முதலில்லாதவர் பழையதைத் தேடி வருவார். தேர்ந்த கண்ணுடையவர் முதலில் வண்ணத்தைப் பார்ப்பதில்லை. புதுச்சாயம் பல குறைகளை மறைக்கும் என்பதை அவர் அறிவார். சுத்தியலால் பலகையைத் தட்டினால் உரமுள்ள மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த மரத்தின் ஓசை மந்தமாக இருக்கும். ஐயம் தோன்றும் இடத்தில் கத்திமுனையை வைத்து அழுத்திப் பார்ப்பார். ஏரா எனப்படும் அடிமரம் நேராக நிற்கிறதா, வங்குகள் என்னும் விலாமரங்கள் பிளவுபடாமல் இருக்கின்றனவா என்று ஆராய்வார். இரும்பாணி துருப்பிடித்தால் அதைச் சுற்றிய மரமும் கெடும். மழைநீர் தேங்கும் மேல்தளத்து மூலைகளில் அழுகல் தொடங்கும்; கடல்நீரில் அமிழ்ந்த பகுதியையோ கடற்புழு துளைக்கும். மேலே போர்த்திய கண்ணாடியிழைப் பூச்சு உள்ளே ஈரத்தை அடைத்து வைத்திருக்கவும் கூடும். இறுதியில் படகை ஓர் இரவு மிதக்கவிட்டு, விடிந்ததும் உள்ளே எவ்வளவு நீர் கசிந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு இணையான சோதனை வேறில்லை.

இவ்வாறு தேர்ந்து கூறப்படுவது படகின் விலை. அதன் மதிப்பும் இவ்வளவில் அடங்கிவிடுமா?

1986-ஆம் ஆண்டு சனவரியில், வறட்சியால் நீர்மட்டம் தாழ்ந்திருந்த கலிலேயக் கடலின் கரைச்சேற்றில் பழைய படகு ஒன்று தென்பட்டது. ஆண்டவர் இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியது அது என ஆய்வாளர் கண்டனர். நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மிகுதி. அகலம் இரண்டேகால் மீட்டர் அளவு. அதைக் கட்டிய தச்சர் நல்ல மரம் வாங்கும் வசதி படைத்தவரல்லர் என்பதற்கு அப்படகே சான்று. பலகைகளுள் பெரும்பாலானவை கேதுரு; ஆயினும் படகு முழுவதையும் ஆராய்ந்தபோது 12 வகை மரங்கள் இனங்காணப்பட்டன. அடிமரத்தின் ஒரு பகுதி வேறொரு பழம்படகிலிருந்து எடுக்கப்பட்டது. உடைந்த இடமெல்லாம் கிடைத்த மரத்தைக் கொண்டு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். இனி ஒட்டுப்போட இயலாது என்ற நிலை வந்ததும், பயன்படக்கூடிய உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு எஞ்சியதை ஏரியில் தள்ளிவிட்டார்கள்.

அக்காலத்துச் சந்தையில் அந்தப் படகிற்கு யாரும் ஒரு காசும் தந்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒவ்வோர் ஒட்டும் ஒரு குடும்பம் மேலும் ஒரு பருவத்தைக் கடந்ததற்கான அடையாளம். கெனசரேத்துக் கரையில் பேதுருவின் படகில் அமர்ந்து ஆண்டவர் மக்களுக்குப் போதித்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் படகும் ஏழைத் தொழிலாளி ஒருவரின் பிழைப்புக் கருவியே. திருச்சபையைப் பேதுருவின் படகு என்று நாம் வழங்கும்போது இதை மறத்தலாகாது.

மீண்டும் நம் கரைக்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் விசைப்படகும் இழுவை மடியும் பாக் நீரிணைக்கு வந்தன. இறால் ஏற்றுமதி அவற்றைப் பெருக்கிற்று. நாட்டுப்படகினரோடு மோதல் எழாதிருக்க, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் எனக் கடல் பங்கிடப்பட்டது. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கு மாகாண மீனவர் கடலுக்குச் செல்லக் கடுந்தடைகள் இருந்தன. 2009-இல் போர் முடிந்தபின் அவர்கள் கடலுக்குத் திரும்பினர். எதிரே நம் இழுவைப்படகுகளைக் கண்டனர். 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் அடிமட்ட இழுவை மீன்பிடியைத் தடைசெய்தது. சிறைப்பிடிப்புகள் தொடர்ந்தன. 2021 சனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற விசைப்படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதியதில் அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை, பிடிபட்ட 105 இந்தியப் படகுகளை ஏலமிட இலங்கை அரசு நாள் குறித்தது. காரைநகரில் 65, காங்கேசன்துறையில் 5, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, கற்பிட்டியில் 2 என்பது கணக்கு. நீரில் மிதக்க வேண்டிய மரம் வெயிலில் கிடந்தால் பலகைகள் சுருங்கி மூட்டுகள் விரியும்; இயந்திரம் உப்பேறி இறுகும். அத்தகைய படகிற்கு ஏலத்தில் கிடைக்கக்கூடியது மரத்திற்கும் இரும்புக்குமான விலையே. அதே காலகட்டத்தில் தமிழக அரசு, இலங்கையில் கிடந்து பயனற்றுப்போன 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 இலட்சமும், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை இலட்சமும் நிவாரணம் அறிவித்தது. மொத்தம் ஏறத்தாழ 5.66 கோடி ரூபாய்.

மற்றொரு கணக்கையும் இதனருகே வைத்துப் பார்க்கலாம். இழுவைப்படகைக் கைவிட்டு ஆழ்கடலுக்குச் செல்வோர்க்கென 2017-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது ஒரு படகின் மதிப்பு 80 இலட்சம் எனக் கொள்ளப்பட்டது. அதில் 50 விழுக்காடு மத்திய அரசும் 20 விழுக்காடு மாநில அரசும் தருவதாக இருந்தது. 20 விழுக்காடு வங்கிக்கடன். 10 விழுக்காடு மீனவரின் பங்கு. அதாவது 8 இலட்சம் கையிலிருந்தும் 16 இலட்சம் கடனாகவும் வரவேண்டியிருந்தது. படகை இழந்து 5 இலட்சம் பெற்றவரால் தம் பங்கைக்கூட அதைக்கொண்டு நிறைவு செய்ய இயலாதிருந்தது. எல்லையைத் தாண்டாதே என்று அவருக்கு அறிவுரை கூறுவது எளிது. அதற்கான வழியைத் திறந்துவிடுவதே கடினம்.

எனினும் தராசிற்கு இரண்டு தட்டுகள் உண்டு. நம் மடிகள் அறுத்துச் சென்ற வலைகள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் தமிழ் மீனவருடையவை. அவர்களுள் நம்மைப் போலவே செபமாலை ஏந்தும் கத்தோலிக்கர் மிகப் பலர். போரில் யாவற்றையும் இழந்து, கடன்பட்டு வாங்கிய வலை ஓரிரவில் அறுந்தால் அதற்கு நிவாரணம் அறிவிப்பவர் யார்? கடலடியைச் சுரண்டும் மடி மீன்குஞ்சுகளையும் அள்ளி வருவதால், நாளைய மீனும் இன்றே குறைகிறது. கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பால் கடல் வறிதாவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார். படைப்பின் நலன்கள் அனைவருக்கும் உரியவை என்ற திருச்சபையின் தொன்மையான போதனையையும் அதே மடலில் வலியுறுத்தினார்.

ஆகவே பழம்படகு ஒன்றை மதிப்பிடுவோர் பலகையைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்றலாகாது. அது யாருக்குச் சோறிட்டது, யாருடைய வலையை அறுத்தது, அதை இழந்தவர் நாளை எதைக்கொண்டு பிழைப்பார் என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும். முதற்கேள்வியை மட்டும் கேட்டால் நாம் ஒரு கரைக்கு வழக்காடுவோராவோம். இரண்டாவதை மட்டும் கேட்டால் ஏழையைத் தண்டிப்பதோடு கடமை முடிந்ததாக எண்ணுவோம். மூன்றாவது கேள்வி அரசுகளையும் பங்குச் சமூகங்களையும் நோக்கி எழுவது. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் இருகரை மக்களும் ஒரே பீடத்தின் முன் மண்டியிடுகின்றனர். அங்கே அருகருகே மண்டியிடுவோர், கரை திரும்பியபின் ஒருவர் இழப்பை மற்றவர் எண்ணிப் பார்க்கும் நாள் விரைவில் வரவேண்டும் என்பதே நம் மன்றாட்டு.